நாவலைப் பதிப்பகங்கள் மறுத்துவிட்டன, இப்போது ஃபைலும் தொலைந்துவிட்டது. எப்படி மீள்வது?

மூன்று பதிப்பகங்கள் மறுத்த நாவலைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஃபைலே அழிந்துவிட்டதாகவும், இனி எழுதவே மனம் வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இது நடந்தது.

முதலில் அவசரமான விஷயம். அந்தக் கம்ப்யூட்டரில் இப்போதைக்கு எதையும் புதிதாகச் சேமிக்காதீர்கள். டிலீட் செய்த ஃபைல் பெரும்பாலும் உடனே அழிவதில்லை, அது இருந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன்மேல் வேறொன்று பதியும்வரை மீட்க வாய்ப்பு உண்டு. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் அந்த வாய்ப்பு குறைவு. வேர்டில் எழுதியிருந்தால் ஆட்டோரெக்கவர் பிரதி (வேர்டு தானாகவே இடையிடையே சேமித்து வைப்பது) எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்புறம், உங்கள் மின்னஞ்சலில் ‘அனுப்பியவை’ பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களை மறுத்த பதிப்பகங்களுக்கு அனுப்பிய பிரதி அங்கே இருக்கும். எனக்கு இது தோன்றவே நான்கு நாள் ஆனது.

என் நாவலில் பதினான்கு அத்தியாயங்கள் முடிந்திருந்தன. ஒரு நாள் காலை ஹார்டு டிஸ்க் திறக்கவே இல்லை. அதற்கு எட்டு மாதம் முன்பு முதல் ஒன்பது அத்தியாயங்களை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பி, ‘வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று பதில் வாங்கியிருந்தேன். முதல் வரியைப் படித்ததோடு அந்தக் கடிதத்தை மூடியவன், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஃபைல் போன பிறகு வேறு வழியில்லாமல் திறந்தேன். ஒன்பது அத்தியாயங்களும் பத்திரமாக இருந்தன. கடிதத்தின் கீழே இன்னும் இரண்டு வரிகளும் இருந்தன: பாட்டி கதாபாத்திரம் நான்காம் அத்தியாயத்தோடு காணாமல் போகிறது, அதன்பின் கதையில் உயிர் குறைகிறது என்று அந்தப் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. எட்டு மாதமாக அதைப் படிக்காமலே ஐந்து அத்தியாயங்கள் எழுதியிருக்கிறேன்.

அதனால் மறுப்புக் கடிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். எல்லோருக்கும் அனுப்பும் ஒரே அச்சுக் கடிதமென்றால் தேதியைக் குறித்துவைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள், அதில் ஆராய எதுவும் இல்லை. யாராவது உங்கள் கதையைப் பற்றியே ஒரு வரி எழுதியிருந்தால், அவர் படித்திருக்கிறார் என்று அர்த்தம். வலி அடங்கியதும் அந்த வரியை மறுபடி படியுங்கள்.

மீதி ஐந்து அத்தியாயங்களை நினைவிலிருந்துதான் எழுதினேன். பழைய வாக்கியங்களைத் தேடிய வரை ஒரு பக்கம்கூட நகரவில்லை. பிறகு யார் வந்தார், என்ன நடந்தது, எங்கே நின்றது என்று ஒரு தாளில் காட்சிகளை மட்டும் வரிசையாகக் குறித்தேன். அதன் பிறகு எழுத்து தானாக வந்தது. பாட்டியும் திரும்பி வந்தாள்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் தாமஸ் கார்லைலுக்கு 1835-இல் இதைவிடப் பெரிய அடி. பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் முதல் தொகுதியை நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் படிக்கக் கொடுத்திருந்தார். வேண்டாத காகிதம் என்று நினைத்து யாரோ அதை நெருப்பில் போட்டுவிட்டார்கள். வேறு பிரதி கிடையாது. மறுபடி எழுத உட்கார்ந்து, முடியாமல் சில வாரங்கள் நாவல்கள் படித்துக் கழித்து, பிறகு அதே ஆண்டில் அந்தத் தொகுதியை எழுதி முடித்தார். 1837-இல் நூல் வெளிவந்தது. அந்தச் சில வாரங்களை உங்களுக்கும் கொடுத்துக்கொள்ளுங்கள். அது சோம்பல் இல்லை.

பேக்கப் பற்றி ஒன்று மட்டும். 1922-இல் பாரிஸ் ரயில் நிலையத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் கதைகள் இருந்த பெட்டி திருடுபோனபோது, கார்பன் நகல்களும் பெரும்பாலும் அதே பெட்டியில்தான் இருந்தன. லேப்டாப் பையிலேயே பென் டிரைவையும் வைப்பது அதே தவறு. நான் இப்போது ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் தேதியோடு எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன்.

இன்றே ‘அனுப்பியவை’ பகுதியைத் தேடிப் பாருங்கள். எத்தனை அத்தியாயம் கிடைத்தது என்று சொல்லுங்கள்.