அழுக்கின் மேல் சானிடைசர் ஊற்றாதீர்கள்: பீர் காய்ச்சுவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, "பீர் புளிக்கிறது, ஏன்?" என்ற ஒற்றை வரிதான். எந்தப் பாத்திரம், எதைப் போட்டுக் கழுவினீர்கள், எவ்வளவு நேரம் ஊறியது என்று எழுதாவிட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். விவரத்தோடு வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டார் சான் என்ற அமில சானிடைசரை ஊற்றிக் கவிழ்த்த பிறகும் ஃபெர்மென்டருக்குள் (பீர் நொதிக்கும் பாத்திரம்) நுரை நிற்கிறது. தண்ணீரில் அலசிவிடலாமா?

வேண்டாம். லிட்டருக்கு ஒன்றரை மில்லி என்ற அளவைத் தாண்டாதவரை நுரையின் மேலேயே வோர்ட்டை (பீராக நொதிக்கப்போகும் மால்ட் சாறு) ஊற்றலாம். குழாய்த் தண்ணீரில் அலசினால், துரத்திய கிருமியை நீங்களே கூப்பிட்டு உள்ளே உட்கார வைக்கிறீர்கள்.

அப்படிக் கலந்ததை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

நாள் கணக்கு கிடையாது. பிஹெச் (அமிலத்தன்மை அளவு) 3-க்குக் கீழே இருந்தால் வேலை செய்யும். கடின நீரில் கலந்தால் சீக்கிரம் கலங்கிவிடும். காய்ச்சி வடித்த நீரில் நெடுநாள் தாங்கும். அழுக்குப் பாத்திரத்தை முக்கியிருந்தால் அன்றைக்கே கொட்டிவிடுங்கள்.

காய்ச்சும் அண்டாவையும் சானிடைஸ் செய்ய வேண்டுமா?

ஒரு மணி நேரம் கொதிக்கிற அண்டாவுக்கு எதற்கு? கழுவினால் போதும். வோர்ட் ஆறிய பிறகு தொடுகிற பொருள்களில்தான் கவனம் வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஸ்டீல் ஃபெர்மென்டரைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி, சானிடைசர் ஊற்றி, அடிக்குழாயைத் திறந்து அதன் வழியாகவும் ஓடவிடுகிறேன். அப்படியும் மூன்று ஈடு தொடர்ந்து புளித்துவிட்டது. இரண்டு முறை ஈஸ்ட்டை மாற்றிப் பார்த்துவிட்டேன். எந்த ஈஸ்ட் வாங்கலாம்?

ஈஸ்ட்டை விடுங்கள். அந்த அடிக்குழாயை என்றைக்காவது கழற்றினீர்களா? கடிதம் இரண்டு பக்கம் இருக்கிறது, அதில் கழற்றியதாக ஒரு சொல்கூட இல்லை.

அடிக்குழாயில் இருக்கும் பால் வால்வை (ball valve, உள்ளே துளையிட்ட உருண்டை சுழலும் வால்வு) திறந்தால் உருண்டையின் நடுத்துளை வழியாகத்தான் திரவம் ஓடும். உருண்டைக்கும் வால்வின் உடலுக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. திறந்து மூடும்போது கொஞ்சம் வோர்ட் அதற்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். நீங்கள் ஓடவிடும் காஸ்டிக்கும் சானிடைசரும் நடுத்துளையோடு போய்விடுகின்றன. பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களான லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ் இரண்டுக்கும் காற்றுகூடத் தேவையில்லை. அந்த இடுக்கில் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு சுகமாக இருக்கும். அடுத்த ஈடு வந்ததும் சாப்பாடு தயார். எத்தனை தடவைதான் சொல்வது: கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்குப் படலத்தின் மேல் ஊற்றும் சானிடைசர் வீண்.

மூன்று துண்டு வால்வு என்றால் போல்ட்டை எடுத்ததும் பிரிந்து வந்துவிடும். இரண்டு துண்டு வால்வுக்கு ஸ்பேனர் வேண்டும், கொஞ்சம் எரிச்சல் பிடித்த வேலை. பாகங்களை 60 டிகிரி வாக்கில் சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் வகைச் சலவைத்தூள்) கரைசலில் அரை மணி ஊறப்போட்டு, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசுங்கள். அப்புறம் சானிடைசரில் நனைத்த ஈரத்தோடே பூட்டுங்கள். மரையில் சுற்றிய பழைய டேப்பை உரித்துப் போட்டுப் புதிது சுற்றுங்கள். வாஷர், ஓ-ரிங் எல்லாம் காசு பெறாத சாமான்; வெடித்ததையும் நாற்றமடிப்பதையும் பத்திரப்படுத்தாதீர்கள். பாத்திரத்தை விற்பவர்கள் பளபளப்பைத்தான் காட்டுகிறார்கள், வால்வு எப்படிப் பிரியும் என்று யாரும் காட்டுவதில்லை. வாங்கும்போதே கேளுங்கள். பிரிக்க முடியாத வால்வு என்றால் வாங்காதீர்கள்.

ப்ளீச் மலிவாகக் கிடைக்கிறது. கொஞ்சம் வினிகரைச் சேர்த்தால் இன்னும் வேகமாகக் கொல்லுமாமே?

முதலில் உங்களைக் கொல்லப் பார்க்கும். ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். எந்த இரண்டு ரசாயனத்தையும் ஒன்றாக ஊற்றாதீர்கள் என்று போன முறையும் எழுதினேன். தவிர, ப்ளீச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புள்ளிப் புள்ளியாகக் குழி பறிக்கும். சரியாக அலசாவிட்டால் பீரில் மருந்து வாடை வரும்.

தொட்டியின் உள்சுவரில் வெளுத்த பழுப்பில் சொரசொரப்பான படிவு. காஸ்டிக்குக்கு அசையவில்லை. கம்பி நாரால் தேய்க்கலாமா?

கம்பி நாரைத் தூக்கி எறியுங்கள். அது விட்டுப்போகும் இரும்புத் துகள்தான் பிறகு துருவாகத் தெரியும். நீங்கள் சொல்வது பீர் ஸ்டோன், கால்சியம் ஆக்சலேட். காஸ்டிக் மட்டும் போட்டால் போகாது, அமிலம் வேண்டும். காஸ்டிக்கில் கழுவி, நன்றாக அலசி, அதன் பிறகு பாஸ்பாரிக்-நைட்ரிக் கலவை அமிலத்தை ஓடவிடுங்கள். வோர்ட்டை ஆறவைக்கும் செம்புச் சுருளை அதில் காட்டாதீர்கள், நைட்ரிக் அரித்துவிடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் இறங்க வேண்டாம்.

சின்ன ப்ரூவரி எங்களுடையது. பீரை வேறு தொட்டிக்கு மாற்றியதும் காலித் தொட்டியைத் திறக்காமலேயே காஸ்டிக் சுற்றவிட்டால் நேரம் மிச்சமாகுமா?

தொட்டி மிஞ்சாது. உள்ளே நிற்கும் கார்பன் டை ஆக்சைடை காஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும். வெற்றிடம் உண்டாகித் தொட்டி உள்பக்கமாக நசுங்கிவிடும். காஸ்டிக்கும் கார்பனேட்டாக மாறி வலு இழந்துவிடும். வாயுவை முழுக்க வெளியேற்றி, காற்று வரும் வழியைத் திறந்து வைத்த பிறகு ஆரம்பியுங்கள். சூடான தொட்டியை மூடி வைத்துக்கொண்டு குளிர்ந்த நீர் பாய்ச்சினாலும் இதே கதிதான்.

கெக்கிலிருந்து (பீர் பீப்பாய்) வரும் பீர் லைனை, அதாவது குழாயை, எப்போது கழுவுவது?

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. 2 சதவீதம் காஸ்டிக், கால் மணி நேரம் சுற்றவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமிலம். முனைக்குழாயைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். ஆமாம், கழற்றித்தான்.

அலுமினிய அண்டாவில் காஸ்டிக் ஊற்றலாமா?

கூடாது. அலுமினியத்தைத் தின்றுவிடும், ஹைட்ரஜனும் கிளம்பும்.

பிளாஸ்டிக் வாளியில் உள்பக்கம் கீறல் விழுந்திருக்கிறது. இன்னும் ஓர் ஈடு ஓட்டலாமா?

கீறலுக்குள் பிரஷ் போகாது, கிருமி போகும். தானியம் அளக்க வைத்துக்கொள்ளுங்கள். புது வாளியை மென்மையான துணியால் மட்டும் துடையுங்கள்.