ஊதா மண் கெண்டி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: யீஷிங் தேநீர்க் கெண்டி என்பது சுட்ட களிமண்தானே சார், அதற்கு ஏன் இவ்வளவு விலை?

களிமண்தான், ஆனால் குளத்தில் தோண்டுகிற மண் இல்லை. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், தாய் ஏரிக்கு மேற்கே இருக்கிறது யீஷிங். அங்கே டிங்ஷு என்ற ஊரில் மஞ்சள் நாக மலை என்று ஒரு குன்று, அதில் இந்த மண் பாறையாகத்தான் கிடைக்கும். வெட்டியெடுத்து வெயிலிலும் மழையிலும் உதிரப் போட்டு, இடித்து, சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். ஊதா, சிவப்பு, வெளிர் மஞ்சள் என்று நிறங்கள் உண்டு. மேல்பூச்சு எதுவும் இல்லாமல் சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி சூட்டில் சுடுவார்கள். மற்றபடி, பெரிய விலை பெரும்பாலும் அடியில் இருக்கிற, செய்தவரின் முத்திரைக்குத்தான் போகிறது.

கேள்வி: சக்கரத்தில் வைத்து வனைவார்களா?

இல்லை, இங்கேதான் இந்தத் தொழிலே இருக்கிறது. மண்ணை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒரே கனமுள்ள பட்டையாக்கி, அதைச் சுருட்டிக் குழாய் போல ஒட்டுவார்கள். பிறகு கையால் திருப்பும் சின்னத் திருகு பலகையில் நிறுத்தி, இடது கை விரல்களை உள்ளே கொடுத்து, வலது கையில் மரத்தட்டியால் வெளியே தட்டிக்கொண்டே சுற்ற, விளிம்பு மெல்ல மெல்ல உள்ளே குவியும். அதில் ஒரு வட்டத்தை ஒட்டி, தலைகீழாகத் திருப்பி, மறுபக்கமும் அதே மாதிரி. மூக்கும் கைப்பிடியும் அப்புறம்தான். கடைசியில் மாட்டுக் கொம்பை மெல்லிய தகடாகச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து வளைந்து கொடுக்கிற பதத்தில், உடம்பு முழுக்க இழுப்பார்கள். பருமணல் உள்ளே அமுங்கி நைசு மண் மேலே வரும், அந்தப் பட்டு மாதிரியான தோல் அப்படி வருவதுதான். அச்சில் அழுத்திப் பாதி கையால் முடிக்கிற கெண்டிகளும் ஏராளம். தினமும் குடிக்க அதுவே போதும், முழுக்கக் கைவேலை என்று சொல்லி விற்றால்தான் தப்பு.

கேள்வி: மூங்கில், பூசணி என்றெல்லாம் செய்கிறார்களே, அழகுக்கா, அர்த்தம் இருக்கிறதா?

இரண்டும். மூங்கில் வளைந்தாலும் ஒடியாது, உள்ளே வெற்று, அதனால் நேர்மையும் தலைக்கனமின்மையும். பூசணியில் விதை அதிகம், ஆகவே வம்ச விருத்தி. பீச் பழம் நீண்ட ஆயுள். பைன், மூங்கில், பிளம் மூன்றும் குளிரைத் தாங்கும் நண்பர்கள். இந்த இயற்கை உருவங்களில் காங்ஷி பேரரசர் காலத்துச் சென் மிங்யுவானும், 20ஆம் நூற்றாண்டில் ஜியாங் ரோங் அம்மாவும் கெட்டிக்காரர்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது சென் மான்ஷெங் வழி. 1768இல் பிறந்து 1822இல் இறந்தவர், பக்கத்து லியாங்கில் மாவட்ட அதிகாரி, கவிஞர், முத்திரை செதுக்குபவர். அவர் வடிவம் சொல்வார், யாங் பெங்நியன் போன்ற குயவர்கள் செய்வார்கள், கெண்டியின் உடம்பில் கவிதை வரி பொறிக்கப்படும். ஓலைத் தொப்பி வடிவக் கெண்டி ஒன்றில், தொப்பி வெயிலைத் தடுக்கிறது, தேநீர் தாகத்தைத் தணிக்கிறது, இரண்டும் ஒன்றா வேறா, புத்தர் சொல்லவில்லை என்கிற பொருளில் ஒரு வரி. பாத்திரம் செய்கிறவனும் எழுதுகிறவனும் ஒரே பொருளில் சேர்ந்தது அப்போதுதான் இவ்வளவு நன்றாக அமைந்தது என்பேன்.

கேள்வி: முதல் கெண்டியைச் செய்தவன் ஒரு வேலைக்காரப் பையனாமே?

கோங் சுன். மிங் வம்சத்தில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எஜமானுடன் ஜின்ஷா கோயிலில் தங்கியிருந்தபோது துறவி ஒருவர் மண் பிசைவதைப் பார்த்துக் கற்று, கிங்கோ மரத்து முண்டு மாதிரி ஒன்று செய்தான் என்பார்கள். நல்ல கதை, ரசியுங்கள். ‘கோங் சுன் கெண்டி’ என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

கேள்வி: போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊற்றும்போது மூடித் துளையை விரலால் அடைத்தால் தண்ணீர் நிற்க வேண்டுமாமே?

அது மூடி பொருந்தியிருக்கிறதா என்பதற்கான சோதனை. மண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது, மட்டமான மண்ணிலும் மூடி கச்சிதமாக உட்காரும். கண்ணைப் பறிக்கும் நீலம், பச்சை என்றால் சாயம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மண்ணில் ரசாயனம் கலந்து விற்பதை 2010இல் சீன அரசுத் தொலைக்காட்சியே வெளிச்சம் போட்டுக் காட்டியது. வெந்நீர் ஊற்றி மோந்து பாருங்கள், ரசாயன வாடையோ ஷூ பாலிஷ் வாடையோ வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இதில் பால் டீ போடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. நுண்துளைகளில் கொழுப்பு இறங்கினால் வாடை போகாது. சோப்பும் கூடாது. வெந்நீரில் அலசி, மூடியைத் திறந்து காயவிட்டால் போதும். ஊலாங் தேநீருக்கு ஒன்று, பூஏர் தேநீருக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால் நல்லது. பால் டீக்கு எவர்சில்வர் பாத்திரமே உத்தமம்.