காந்தம் வயது சொல்லுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாறை அடுக்குகளைப் பற்றி நீங்கள் எழுதிவருவதை வாசிக்கிறேன். ஒரு சந்தேகம். அகழாய்வு பற்றிய ஒரு செய்தியில், படிவுப் பாறையில் பதிந்திருந்த பழைய காந்தப் புலத்தைக் கொண்டு அதன் வயதைக் கணித்ததாகப் போட்டிருந்தார்கள். காந்த வடக்கும் தெற்கும் பலமுறை இடம் மாறியிருக்கின்றன என்பது தெரியும். ஆனால் பாறை தரும் பதில் 'இன்றைய திசை' அல்லது 'அதற்கு எதிர்த்திசை', இரண்டில் ஒன்றுதானே? அது எந்தப் புரள்வு என்று எப்படித் தெரியும்? வயது தெரிந்த பாறையை வைத்துக் காந்தத்துக்குத் தேதி போடுவது, பிறகு காந்தத்தை வைத்துப் பாறைக்குத் தேதி போடுவது, இது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதாகாதா? அதோடு, எரிமலைக் குழம்பு காந்தத்தைப் பதிவுசெய்யும் என்றால் புரிகிறது. சேறு எப்படிச் செய்யும்?

ர.

அன்புள்ள ர.,

சந்தேகப்பட வேண்டிய இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். காந்தம் தனியாக ஒரு பாறைக்கு வயது சொல்வது அரிது. பெரும்பாலும் அதற்குத் துணை வேண்டும். செய்தியில் முதலில் வெட்டுப்படுவது அந்தத் துணையைப் பற்றிய வரிதான்.

சேற்றிலிருந்து தொடங்குகிறேன். கடலடியிலும் ஏரியடியிலும் படியும் நுண்வண்டலில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தின் துகள்கள் கொஞ்சம் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். நீரில் இறங்கும்போது அன்றைய புலத்தின் பக்கம் திரும்பப் பார்க்கும். எல்லாம் ஒழுங்காகத் திரும்பிவிடாது. நீரோட்டம் உண்டு, மோதல் உண்டு, தரையைத் தொட்டதும் உருள்வது உண்டு. ஆனால் ஏராளமான துகள்களில் மொத்தமாக ஒரு சிறு சாய்வு இருந்தால் போதும், கருவி பிடித்துவிடும். மேலே சேறு ஏறி, நீர் பிழியப்பட்டு இறுகும்போது அந்தச் சாய்வு அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் களிமண்ணையும் நுண்ணிய சுண்ணாம்புக் கல்லையும் தேடிப் போகிறார்கள். பருமணல் அவ்வளவாக உதவாது.

சிக்கல் அதற்கப்புறம். அந்தப் பாறை பல லட்சம் ஆண்டுகள் இன்றைய திசையிலுள்ள புலத்துக்குள்ளேயே கிடந்திருக்கிறது. பழைய பதிவின் மேல் புதிய காந்தம் மெல்ல ஏறியிருக்கும். அதை நீக்க, காந்தம் புகாதபடி மறைத்த அறையில் வைத்து மாதிரியைப் படிப்படியாகச் சூடேற்றுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் ஆறவிட்டு அளக்கிறார்கள். பலவீனமாக ஒட்டிய புதிய காந்தம் முதலில் போகும். மேக்னடைட் 580 டிகிரி செல்சியஸ் வரை எதையாவது பிடித்துவைத்திருக்கும். இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: சூடேற்றினால் காந்தம் குறையத்தானே வேண்டும்? எதிர்த்திசையில் பதிந்த பாறையில் முதல் சில படிகளில் அது கூடும். மேலே ஏறிய புதியது பழையதை எதிர்த்து நின்றுகொண்டிருந்தது. அது விலகியதும் பழையது முழு பலத்தோடு தெரிகிறது. பட்டியலில் எண்கள் ஏறுவதைப் பார்த்தாலே, இது எதிர்த்திசைப் பாறையாக இருக்கலாம் என்று ஆய்வாளருக்குப் பொறி தட்டிவிடும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. ஓர் அசையை மட்டும் காட்டி இது எந்தப் பாட்டு என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நேரும் நிரையுமாக நான்கு அடிகள் கொடுத்தால், மனப்பாடம் உள்ளவர் சொல்லிவிடுவார். புரள்வுகள் சீரான இடைவெளியில் நடக்கவில்லை என்பதுதான் இங்கே நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். இன்றைய திசை 7.73 லட்சம் ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. அதற்கு முன் 25.8 லட்சம் ஆண்டுகள் வரை பெரும்பாலும் எதிர்த்திசை. நடுவில் சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குறுகிய மாற்றம், 18 லட்சத்துக்கும் 19 லட்சத்துக்கும் இடையில் இன்னொன்று. நெட்டையும் குட்டையுமான இந்த வரிசை வேறெங்கும் அப்படியே திரும்ப வருவதில்லை. ஒரே சீராகப் படிந்த நீண்ட அடுக்கு கிடைத்தால் பொருத்திவிடலாம். நடுவில் கொஞ்சம் அரிப்பில் போயிருந்தால், அல்லது சில காலம் வேகமாகவும் சில காலம் மெதுவாகவும் படிந்திருந்தால், வரிசை குலைந்துவிடும். அப்போதுதான் துணை தேவை: வயது கணிக்கக்கூடிய எரிமலைச் சாம்பல், புதைபடிவம், இப்படி ஏதாவது.

சுற்றி வரும் வாதமா என்றால், இல்லை. 1906இல் பிரான்சில் பெர்னார்ட் புருன் எதிர்த்திசையில் காந்தமேறிய பாறையைக் கண்டார். 1929இல் ஜப்பானியர் மோட்டோனோரி மட்டுயாமா, அப்படிப்பட்ட பாறைகள் ஒரு குறிப்பிட்ட காலத்தைச் சேர்ந்தவை என்றார். வயது வந்தது 1960களில். காக்ஸ், டோல், டால்ரிம்பிள் ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்களும் எரிமலைப் பாறைகளின் வயதைப் பொட்டாசியம்–ஆர்கான் முறையில், அதாவது பாறையிலுள்ள பொட்டாசியம் எவ்வளவு ஆர்கானாகச் சிதைந்திருக்கிறது என்று அளந்து, கணித்தார்கள். பொட்டாசியம் சிதைவதற்கும் காந்தப் புலத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த முறையில் கடைசிப் புரள்வுக்குக் கிடைத்தது 7.3 லட்சம் ஆண்டு. 1990இல் ஷாக்கில்டனும் அவருடைய சகாக்களும், பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்கள் கடல் வண்டலில் விட்ட தடத்தை எண்ணிப் பார்த்து, இல்லை, 7.8 லட்சம் என்றார்கள். மறுபடி எரிமலைப் பாறைகளை, அதே முறையின் மேம்பட்ட வடிவமான ஆர்கான்–ஆர்கான் முறையில் சோதித்தபோது வண்டல்காரர்கள் பக்கமே நியாயம் இருந்தது. சுற்றி வரும் வாதமாக இருந்திருந்தால் இப்படி ஒரு பிழை வெளியே வந்திருக்காது.

துணை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வட ஸ்பெயினின் அட்டாபுயெர்காவைச் சொல்லலாம். அங்கே கிரான் டோலினா என்ற குகைப் படிவில் 1994இல் மனித எலும்புகள் கிடைத்தன. ஐரோப்பாவில் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் இல்லை என்று பலர் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. எலும்பு கிடைத்த அடுக்கில் காந்தம் எதிர்த்திசை. அதற்குச் சற்று மேலே இன்றைய திசை. ஒரே ஒரு புரள்வு, உங்கள் கேள்வி அப்படியே பொருந்துகிறது. கீழே எதிர்த்திசை, மேலே இன்றைய திசை என்ற மாற்றம் கடந்த 20 லட்சம் ஆண்டுகளில் பலமுறை நடந்திருக்கிறதே, இது எது? அதே அடுக்குகளில் கிடைத்த சிறு கொறிவிலங்குகளின் பற்கள் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தன. இவை வேகமாகப் பரிணமிப்பவை, எந்த இனம் எப்போது வாழ்ந்தது என்பது ஓரளவு தெரியும். ஆகவே அது கடைசிப் புரள்வு, எலும்புகள் அதைவிடப் பழையவை. பின்னால் வேறு முறைகளில் கணித்த வயதுகளும் 8 லட்சத்தை ஒட்டியே வந்தன. எலிப் பல் இல்லாமல் அந்தக் காந்த அளவீடு பாதி வாக்கியம்தான்.

இந்த முறை கைவிரிக்கும் காலங்களும் உண்டு. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 8.3 கோடி வரை புலம் கிட்டத்தட்ட புரளவே இல்லை. டைனோசர்கள் வாழ்ந்த அந்த நீண்ட காலத்துப் பாறையில் அடுக்கடுக்காக அளந்தாலும் ஒரே திசைதான் வரும்.

நீங்கள் வாசித்த செய்தியை இன்னொருமுறை பாருங்கள். எத்தனை புரள்வுகள் கிடைத்தன, கூடவே சாம்பலோ புதைபடிவமோ இருந்ததா என்று எங்காவது ஒரு வரி இருக்கலாம். இல்லையென்றால் மூல ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். இதை எழுதாத கட்டுரையை எந்த நல்ல ஆய்விதழும் ஏற்றுக்கொள்ளாது.