துல்லிய ரெசிஸ்டரின் அளவு காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாக இருப்பது ஏன்?

0.1 சதவீதம் என்று குறித்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மதியம் வேறு மின்தடை அளவு காட்டுகிறது, கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அந்த 0.1 சதவீதம், புதிதாக வாங்கும்போது அறை வெப்பநிலையில் அளவு எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதை மட்டுமே குறிக்கும். சூட்டில் எவ்வளவு மாறும் என்பதற்கு மின்தடை வெப்பநிலை எண்ணைப் பார்க்க வேண்டும். அது டிகிரிக்கு 25 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கு என்றால், 10 டிகிரி ஏறும்போது 2.5 ஓம் வரை மாறலாம். ஆறியதும் பழைய அளவுக்கே வந்துவிடும். விரலால் பிடித்துக்கொண்டு அளந்தாலும் இதே கதைதான்.

வயதாவதால் வரும் மாற்றம் அப்படித் திரும்பாது. கம்பியைச் சுற்றும்போதும் எபாக்சி என்னும் பிசினில் வார்க்கும்போதும் உலோகத்தில் தங்கிய இறுக்கம் மெல்லத் தளர்வது அதற்கு ஒரு காரணம். தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மந்தமாகவும் நடப்பதால், பல ஆண்டு அளவீட்டுக் குறிப்புள்ள பழைய ரெசிஸ்டரையே நான் புதியதைவிட அதிகம் நம்புவேன்.

இவ்விரண்டுக்கும் இடையில் ஈரப்பதம் நுழைந்து குழப்பும். தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பனில் அளவுக்கருவிகளைப் பழுதுபார்க்கும் நான், எபாக்சியில் வார்த்த ஒரு கம்பிச்சுருள் ரெசிஸ்டரை ஈரப்பதம் மிகுந்த கோடையான அக்டோபர் முதல் மார்ச் வரை அளந்து, அளவு ஏறிக்கொண்டே போனதால் அதை முதுமை என்றே முடிவு செய்தேன். ஆகஸ்டில், இங்கே குளிரும் வறட்சியுமான காலத்தில், அது ஏறக்குறைய முழுவதும் இறங்கியிருந்தது. எபாக்சி ஈரத்தை உறிஞ்சி உப்பி உள்ளிருக்கும் கம்பியை இழுக்கிறது. அந்த ஈரம் வெளியேற நாள்கள் அல்ல, வாரங்கள் ஆகும். கடற்கரையில் கோடையில் சரிசெய்த கருவியை வறண்ட ஜோகன்னஸ்பர்க்குக்கு அனுப்பினால் அங்கே அளவு நழுவுவதும் இதனால்தான். காற்றுப்புகாத உலோகக் கூட்டில் அடைத்தவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை, விலைதான் அதிகம்.

டிகிரிக்கு ஒன்றிரண்டு பி.பி.எம். அளவுக்கே மாற வேண்டுமானால் உலோகத் தகடு ரெசிஸ்டர் வாங்குங்கள். பீங்கான் மேல் ஒட்டிய மெல்லிய தகடு சூட்டில் தானாக மாறும் அளவை, பீங்கான் அதற்குத் தரும் இறுக்கம் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

அதற்கு முன் உங்கள் மல்டிமீட்டரையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்த உடனே அளக்காமல், மேசை மீட்டருக்கு ஒரு மணி நேரமாவது சூடேற விட்டு, ரெசிஸ்டருக்கு அருகில் வெப்பமானி ஒன்றை வைத்து இரண்டையும் சேர்த்தே குறித்துவாருங்கள்.