சாலையே ஓடும் காருக்குச் சார்ஜ் ஏற்றும் காலம் வரும்வரை மின்சாரக் கார் வாங்காமல் காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். நீங்கள் அடுக்குமாடியில் குடியிருப்பவர் என்றே ஊகிக்கிறேன். தரைவீட்டுக்காரர் இரவில் வாசலிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்வார். சாலையை நம்ப வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

நான் பினாங்கில் வயர்மேன். முறையான தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கிறேன், மின்சாரக் காரும் ஓட்டுகிறேன். விவரம் தெரியாமல் பேசுகிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இந்தத் தொழில்நுட்பம் கற்பனை இல்லை. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல்தான் இதற்கு அடிப்படை. தாருக்கு அடியில் ஒரு செம்புச் சுருள், வண்டியின் அடிப்பகுதியில் இன்னொன்று. கீழே மாறுமின்னோட்டம் பாய்ந்தால் மேலே உள்ளதில் மின்சாரம் உண்டாகும். வண்டி மேலே வரும்போது மட்டும்தான் அந்தத் துண்டுக்கு மின்சாரம் போகும். நடந்து போகிறவருக்கு ஷாக் அடிக்கும் என்று பயப்படத் தேவையில்லை. தென்கொரியாவின் குமி நகரில் 2013-லேயே இப்படிப் பஸ் ஓடியது. 2023-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சுமார் 400 மீட்டர், 2025-இல் பிரான்சின் ஏ10 நெடுஞ்சாலையில் 1.5 கிலோமீட்டர் என்று சோதனைகள் நடந்திருக்கின்றன.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீட்டர் 40 விநாடியில் முடிந்துவிடும். 20 கிலோவாட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏறுவது கால் யூனிட்டுக்கும் குறைவு. கார் ஒன்றரை கிலோமீட்டர் ஓடலாம், அவ்வளவுதான். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர்வரை உதவ வேண்டுமென்றால் எத்தனை கிலோமீட்டருக்குத் தோண்டுவது? அதோடு, இன்று நம் கடைகளில் விற்கும் கார்களில் அந்த மேல்சுருளே கிடையாது.

நமக்கு வேண்டியது கார் நிறுத்துமிடத்தில் சார்ஜ் ஏற்ற ஒரு பாயிண்ட். அதற்குத்தான் நான் அலைந்தேன். எங்கள் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டத்துக்கு வரைபடத்தோடு போனேன். என் மீட்டரிலிருந்தே தனி வயர், தனி பிரேக்கர், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி, செலவு முழுவதும் என்னுடையது. நிர்வாகக் குழுவில் ஒருவர் வரைபடத்தை விரித்துக்கூடப் பார்க்காமல், “தீப்பிடித்தால் யார் பொறுப்பு?” என்றார். வேலைக்குப் போன ஒரு வீட்டில் கழற்றிய பழைய சாக்கெட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். சரியாக முறுக்காத ஒரு திருகு, அதைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் உருகிக் கருகியிருந்தது. பல நேரம் இப்படித்தான் தீப்பிடிக்கிறது, முறையாகச் செய்தால் தடுக்கலாம் என்று எடுத்துக் காட்டினேன். ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அதே கூட்டத்தில் முகப்பு மண்டபத்துக்குப் புதிய பளிங்குக்கல் போட ஒப்புதல் கொடுத்தார்கள். இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று மாதக்கணக்கில் ஓடவில்லை. மற்றதும் நின்றுபோகும் நாளில் என் அம்மா முட்டிவலியோடு படியேறுகிறார், ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் தவறாமல் கட்டுகிறோம். பளிங்கு யாருக்கு வேண்டும்? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாலைக்கடியில் சுருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு அது நன்றாகப் பொருந்தும். இங்கே பினாங்கில் கொம்தாரிலிருந்து பாயான் லெப்பாஸ் போகும் பஸ் தினமும் ஒரே தடத்தில் ஓடுகிறது, நிறுத்தங்களில் நிற்கிறது. அந்த இடங்களில் மட்டும் பதித்தாலே பயன் உண்டு, சிறிய பேட்டரி போதும். அரசு முதலில் அதைச் செய்தால் மனதார வரவேற்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: கார் கடைக்குப் போகும் முன் உங்கள் நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதிச் சார்ஜர் பொருத்த அனுமதி கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். பதில் எழுத்தில் கைக்கு வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.