கேமராவை விற்றவர் நீங்கள், வாசலில் நின்றவர் உங்கள் தந்தை

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மனைவி, இரண்டு வயது மகள், 71 வயதாகும் என் தந்தை ஆகியோருடன் வசிக்கிறேன். பயன்படுத்தாத பொருள்களை இணையத்தில் விளம்பரம் செய்து விற்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவதால், வாங்க வருபவர்களிடம் வீட்டு எண்ணைக் கொடுத்துவிடுவேன். அப்பா வீட்டில்தான் இருப்பார், பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவார். சென்ற மாதம் என் கேமராவையும் லென்சையும் 650 வெள்ளிக்குப் பேசி முடித்தேன். வந்த ஆள், கைபேசி எண்ணுக்கு உடனடியாகப் பணம் அனுப்பும் பேநவ் சேவை மூலம் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லித் தன் கைபேசித் திரையை அப்பாவிடம் காட்டியிருக்கிறார். அப்பா என்னை இரண்டு முறை அழைத்தார். நான் கூட்டத்தில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. அவர் பொருளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். பணம் வரவே இல்லை. அந்த ஆளின் கணக்கும் தளத்திலிருந்து மறைந்துவிட்டது. அப்பா தன் சேமிப்பிலிருந்து 650 வெள்ளியைத் தந்துவிடுவதாகச் சொல்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பணத்தை மீட்க வழி உண்டா? இப்போது மகளின் பழைய கட்டிலைப் பார்க்க ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறார், வரச் சொல்லலாமா? அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இனி இத்தகைய பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈசூன்

பதில்: ஏமாந்தவர்கள் எழுதும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. பொருளும் தொகையும் மாறும். வந்தவன் திரையைக் காட்டினான், கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் மாறுவதில்லை. ஆகையால் 650 வெள்ளியைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தில் நீங்கள் அரை வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒன்றைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. அப்பா உங்களை இரண்டு முறை அழைத்தார்.

அந்த வரியை, அழைப்பை எடுக்க முடியாமல் போனதற்கான விளக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அடுத்த சில வரிகளிலேயே, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பொறுப்பைக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவன் இரும்புக் கதவுக்கு அப்பால் நின்றுகொண்டு, பச்சை நிறத்தில் சரி என்ற குறியும் அதன் கீழே 650.00 என்ற எண்ணும் தெரியும் திரையை நீட்டுகிறான். வங்கிச் செயலி எதையும் தன் கைபேசியில் வைத்திராத ஒரு பெரியவர், அதை அப்படியே நம்பிவிடாமல், பொருளுக்கு உரியவரைக் கேட்போம் என்று அழைக்கிறார். பதில் இல்லை. விட்டுவிடாமல் மறுபடியும் அழைக்கிறார். வயதின் தளர்ச்சி இதில் எங்கே இருக்கிறது? அந்தச் சில நிமிடங்களில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். தவறியவர் நீங்கள், தம்பி. இதை நயமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

பேநவ் எப்படி இயங்குகிறது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். அனுப்புபவர் உங்கள் கைபேசி எண்ணைப் பதிந்ததும் அந்த எண்ணுடன் பதிவாகியுள்ள உங்கள் பெயர் அவருக்குத் தெரியும், அவர் உறுதிசெய்தவுடன் சில வினாடிகளில் பணம் உங்கள் கணக்கில் இருக்கும். இருக்கிறதா இல்லையா என்பதை இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் பார்க்க முடியும்; அது உங்கள் வங்கிச் செயலி. வந்தவனுடைய திரையில் தெரிவது வெறும் படம். அது முன்பு வேறு யாருக்கோ அனுப்பிய பணத்தின் படத்தில் பெயரையும் தேதியையும் மாற்றியதாக இருக்கலாம். பின்னொரு நாளுக்குக் குறித்து வைத்துப் பிறகு ரத்து செய்யப்போகும் பணமாற்றமாகவும் இருக்கலாம். வங்கியிலிருந்து வந்ததுபோலத் தோன்றும் குறுஞ்செய்தியைக்கூட நம்பக் கூடாது. செயலியைத் திறந்து, பரிவர்த்தனைப் பட்டியலில் தொகை சேர்ந்திருப்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே பொருள் கைமாற வேண்டும். அப்படியானால், பணம் வந்து சேருமிடம் ஓர் அலுவலகக் கூட்ட அறையில் உங்கள் சட்டைப் பையிலும், பொருள் இருக்குமிடம் ஈசூனில் உங்கள் தந்தையின் கையிலுமாக நீங்கள் இந்த விற்பனையைப் பிரித்து வைத்திருந்தீர்கள். இரண்டையும் இணைத்த ஒரே கயிறு அந்தக் கைபேசி அழைப்பு. கூட்டம் இருப்பது உங்களுக்கு முன்பே தெரியும். ஆள் வரும் நேரமும் தெரியும். வேறொரு நேரத்துக்கு அவனை வரச் சொல்லியிருக்கலாம். அல்லது, நான் அழைத்துச் சொல்லும்வரை கேமரா பையைத் திறக்கவே வேண்டாம், அவன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கதவைச் சாத்திவிடுங்கள் என்று அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். அதுகூட இல்லாமல் ஒருவரை நிறுத்திவிட்டுப் போவது பொறுப்பைக் கொடுப்பதாகாது.

ஏறத்தாழ 80 ஆண்டுகள் நடந்த சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை உங்கள் தந்தை நிச்சயம் அறிந்திருப்பார். பழைய கடிகாரமோ வானொலியோ, எடுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, விலை பேசி, நோட்டை எண்ணிக் கொடுத்தால்தான் பொருள் கைக்கு வரும். விற்பவரும் வாங்குபவரும் பணமும் பொருளும் ஒரே இடத்தில் நேருக்கு நேர் இருந்தார்கள். அந்தச் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. அதே மாதத்தில்தான் பேநவ் தொடங்கியது. பெரியவர்களுக்குப் பழக்கமான முறை ஒன்று போய், பணம் கண்ணில் படாத முறை ஒன்று வந்திருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய கடமை பிள்ளைகளுடையது. நீங்கள் கற்றுக்கொடுத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் எதையும் நான் காணவில்லை.

அடுத்ததாக, வீட்டு எண். இதையும் நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக, எத்தனையோ அந்நியர்களுக்கு, வேலை நாள்களின் பகல் வேளையில் இந்த வீட்டில் ஒரு முதியவர் தனியாக இருப்பார் என்ற செய்தியை நீங்களே அனுப்பி வைத்திருக்கிறீர்கள். மகளுக்கு உடம்பு சரியில்லாமல் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பாத நாளில் அவளும் அங்கேதான் இருப்பாள். கேமராவைக் கொண்டுபோனவன் ஏமாற்றுக்காரன்; வன்முறைக்காரன் அல்லன். அது உங்கள் முன்யோசனையால் கிடைத்த நன்மை அல்ல. நம் ஊர் பாதுகாப்பானது என்ற பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. அந்தப் பாதுகாப்பில் ஒரு பகுதி, முன்பின் தெரியாதவர்களை வாசலுக்கு வரவழைக்காத பழக்கத்தால் வந்தது என்பதையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். உள்துறை அமைச்சு 2022 முதல் இணைய விற்பனைத் தளங்களுக்குப் பாதுகாப்புத் தரமதிப்பீடு வெளியிட்டு வருகிறது. வாசகர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். அந்த மதிப்பீடு தளத்தில் உள்ள ஏற்பாடுகளைப் பற்றியது, உங்கள் வாசலில் வந்து நிற்பவனைப் பற்றியது அன்று.

ஆகவே கட்டிலைப் பார்க்க இரவில் வர விரும்புபவருக்கு, முடியாது என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய பொருளாக இருந்தால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில், பயணிகள் சேவை நிலையத்துக்கு அருகே, கட்டண வாயிலை ஒட்டிச் சந்திப்பதே நல்லது. வாயிலின் இருபுறமும் நின்றபடியே பொருளைக் கைமாற்றிக்கொள்வதை அங்கே அன்றாடம் பார்க்கலாம். ஊழியர்கள் இருப்பார்கள், ஆள் நடமாட்டமும் கண்காணிப்புக் கேமராக்களும் இருக்கும். கட்டிலை அங்கே தூக்கிப்போக முடியாது என்பது உண்மைதான். அதைப் பிரித்து, சனிக்கிழமை காலையில், உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்கு அருகே கொண்டுவந்து வையுங்கள். திருகாணிகளை ஓர் உறையில் போட்டுக் கட்டிவிடுங்கள். வாங்குபவர் அங்கே வந்து பார்க்கட்டும். காவல்துறை 2012 முதல் வீவக புளோக்குகளில் பொருத்தி வரும் கண்காணிப்புக் கேமராக்கள் இருப்பதும் பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான். எந்த மாடி, எந்த வீடு என்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் நேரில் நில்லுங்கள், உங்கள் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். முன்பணம் அனுப்புகிறேன், இந்த இணைப்பைத் தட்டி வங்கி விவரத்தைப் பதியுங்கள் என்று அவர் கேட்டால் அத்துடன் பேச்சை முடித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு உங்கள் கைபேசி எண் போதும், வங்கிக் கடவுச்சொல்லோ, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் அடையாளமோ எவருக்கும் தேவைப்படாது.

தந்தையிடம் இனிப் பொறுப்பைக் கொடுக்கலாமா என்ற கேள்வியை நான் ஏற்கவில்லை. இனிப் பொருளைக் கொடுக்க நீங்கள் போகும்போது உங்களோடு வர அவருக்கு விருப்பமா என்று அவரைக் கேளுங்கள். பெற்றவர் வீட்டில் இருக்கிறார் என்பதாலேயே அவருடைய பகல் பொழுது முழுவதும் பிள்ளையின் வேலைகளுக்கு உரியதாகிவிடாது. ஒரு வாழ்நாள் உழைத்து முடித்தவர் அவர். பேத்தியைப் பார்த்துக்கொள்வதையும், பொட்டலம் வந்தால் வாங்கி வைப்பதையும் அன்பினால் செய்கிறவரிடம், கேட்காமலேயே வியாபாரத்தையும் ஏற்றி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குடும்பத்தில் பெரியவர்களை முன்னால் நிறுத்துவது மரியாதைக்குரிய இடங்களில்தான். ஆபத்து இருக்கக்கூடிய இடத்தில் இளையவர்தான் முன்னால் நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். முதலில் 650 வெள்ளியைத் தருவதாக உங்கள் தந்தை சொன்னது. நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பவம் சென்ற மாதம் நடந்தது. அப்படியானால் இத்தனை நாளும் ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, அவர் தன்னைக் குற்றவாளியாக நினைக்கும்படி விட்டுவைத்திருக்கிறீர்கள். வருமானம் நின்றுபோன ஒருவருக்கு அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். வாங்கிக்கொள்ளவும் மனமில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை என்றால், உள்ளுக்குள் நீங்கள் அவர்மீதுதான் குற்றம் சுமத்திக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அதை அறியாமல் இருக்க மாட்டார். இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், மகள் தூங்கும்வரைகூடக் காத்திராமல், பணம் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்லும்போது, நீங்கள் அழைத்தீர்கள், நான்தான் எடுக்கவில்லை என்ற வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது இல்லாமல் சொன்னால், அவரை மன்னித்துவிட்டதுபோல அது ஒலிக்கும். மன்னிக்கப்பட வேண்டியவர் அவர் அல்லர்.

பொருளையோ பணத்தையோ மீட்பது உறுதியல்ல. ஆனால் புகார் கொடுக்காமல் இருப்பதற்கு அது காரணமாகாது. பொய்யான திரையைக் காட்டிப் பொருளைப் பெறுவது ஏமாற்றுக் குற்றம். தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவின்கீழ் 10 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். உங்களை ஏமாற்றியவன் இதே திரையை வேறு வாசல்களிலும் காட்டியிருக்கக்கூடும். தனித்தனிப் புகார்கள் சேரும்போதுதான் ஒரே ஆளின் வேலை என்பது தெரியவரும். காவல்துறையின் இணையச் சேவையில் புகார் அளிக்கலாம். இந்த விஷயத்தில் நேரே அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போவதையே நான் விரும்புவேன். கேமராவின் வரிசை எண் அது வந்த பெட்டியிலும் உத்தரவாத அட்டையிலும் இருக்கும். அதை எடுத்துச் செல்லுங்கள். அந்த ஆளுடன் நடந்த உரையாடல் முழுவதையும், அவனுடைய கணக்குப் பெயரையும், கைபேசி எண் இருந்தால் அதையும் அழித்துவிடாமல் படமெடுத்து வையுங்கள். தளத்துக்கும் தெரிவியுங்கள். இனிமேல் ஏதேனும் ஒரு செய்தியோ இணைப்போ சந்தேகமாகத் தோன்றினால், பொருளைக் கொடுப்பதற்கு முன்பே 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். அந்த எண்ணை உங்கள் தந்தையின் கைபேசியிலும் பதிந்து கொடுங்கள்.

காவல் நிலையத்துக்குத் தனியாகப் போக வேண்டாம். அந்த ஆளின் முகத்தைப் பார்த்தவரும், அவன் வந்த நேரத்தையும் பேசிய பேச்சையும் சொல்லக்கூடியவரும் உங்கள் தந்தை மட்டுமே. அரைநாள் விடுப்பு எடுத்து, அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் தமிழில் சொல்ல விரும்பினால் அதை முன்கூட்டியே அதிகாரியிடம் தெரிவியுங்கள். அவர் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருங்கள். உங்கள் பங்குக்கு, அவர் அழைத்த இரண்டு அழைப்புகளின் நேரத்தையும் உங்கள் கைபேசியைப் பார்த்து அதிகாரியிடம் சொல்லுங்கள். அந்த ஆள் வாசலில் எத்தனை மணிக்கு நின்றான் என்பதற்கு அதுவே தெளிவான சான்று.