தப்பி வந்தது நாலு பேரா, ஐந்து பேரா? 'பிளேட் ரன்னர்' கேள்வி பதில்

ரிட்லி ஸ்காட் இயக்கிய 'பிளேட் ரன்னர்' (1982) பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப் போகிறோம்.

கேள்வி: அண்ணா, பறக்கும் கார் இருக்கு, செயற்கை மனிதர்கள் இருக்காங்க. ஆனா பார்க்கப் பார்க்க ஏதோ பழைய துப்பறியும் படம் மாதிரியே இருக்கே?

பதில்: கதையின் எலும்புக்கூடே அதுதான் தம்பி. வேலையை விட்டுப்போன போலீஸ்காரன் டெக்கார்டை மேலதிகாரி பிரையன்ட் மிரட்டித் திரும்பக் கூப்பிடுகிறார். பூமிக்குத் தப்பி வந்த ரெப்ளிகன்ட்களை, அதாவது செயற்கை மனிதர்களை, தேடிக் கொல்ல வேண்டும். ஓயாத மழை, ஜன்னல் பட்டைகளுக்கு நடுவே கீற்றுக் கீற்றாக விழும் வெளிச்சம், சிகரெட் புகை, 1940-களின் பாணியில் தோள் தூக்கிய உடையில் வரும் நாயகி ரேச்சல், எல்லாமே நுவார் (இருண்ட பாணி குற்றக்கதை) படங்களின் சொத்து. கதை நடப்பது 2019 நவம்பரில், லாஸ் ஏஞ்சலிஸில். ஆனால் ரெப்ளிகன்ட்களை வடிவமைப்பவர்களில் ஒருவனான செபாஸ்டியன் வசிக்கும் கட்டடம் 1893-இல் கட்டிய பிராட்பரி பில்டிங். 'டி.ஓ.ஏ.' என்ற பழைய நுவார் படத்திலும் அதைப் பார்க்கலாம். போலீஸ் தலைமையகமாக வருவது அந்த ஊரின் யூனியன் ரயில் நிலையம். பழைய ஊரின் மேலேயே எதிர்காலத்தை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

உள்ளே இன்னொரு கதையும் ஓடுகிறது. நான்கே வருட ஆயுளோடு செய்யப்பட்ட ராய், தப்பி வந்த ரெப்ளிகன்ட்களின் தலைவன், தன்னைப் படைத்த டைரலைத் தேடிப்போய் இன்னும் கொஞ்சம் ஆயுள் கேட்கிறான். இது ஃபிராங்கன்ஸ்டைன் கதையின் வாரிசு. இந்த இரண்டு கதைகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. 'குற்றவாளி யார்' என்று கேட்க வேண்டிய துப்பறிபவன், 'மனிதன் யார்' என்று கேட்கத் தொடங்கி, அந்தக் கேள்வியில் தானே மாட்டிக்கொள்கிறான்.

கேள்வி: எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

பதில்: 2007-இல் வந்த 'ஃபைனல் கட்'. 1982-இல் தியேட்டருக்கு வந்ததில் ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரல் உண்டு. நாம் கண்ணால் பார்ப்பதையே அது வாயாலும் சொல்லிக் கெடுக்கிறது. கடைசியில் ஒட்டிய சுபமான முடிவில் வரும் மலைக்காட்சிகள், ஸ்டான்லி கூப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிஞ்சியவை.

கேள்வி: சிலருடைய கண் ஏன் பூனைக் கண் மாதிரி மின்னுகிறது?

பதில்: ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனன்வெத் செய்த வேலை. லென்சுக்கு முன்னால் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, கேமரா பார்க்கும் அதே கோட்டில் ஒளியைச் செலுத்தினால் விழி திருப்பி ஒளிரும். முதலில் டைரலின் செயற்கை ஆந்தையைக் கவனியுங்கள், அப்புறம் ரேச்சலை. டெக்கார்டின் வீட்டில், ரேச்சலுக்குப் பின்னால் மங்கலாக அவன் நிற்கும்போது அவன் கண்ணும் ஒரு கணம் மின்னும்.

படம் தொடங்கிய சில நொடிகளிலேயே ஒரு கண் திரையை நிறைக்கிறது. ரெப்ளிகன்ட்டைக் கண்டுபிடிக்கும் கருவி பார்ப்பது கண்ணை. ராய் முதலில் தேடிப்போவது கண் செய்பவனை. டைரல் சாவதும் கண்கள் நசுக்கப்பட்டுத்தான்.

கேள்வி: அப்படியானால் டெக்கார்டும் ரெப்ளிகன்ட்தானே? யூனிகார்ன் (ஒற்றைக்கொம்புக் குதிரை) காகித பொம்மை அதைத்தானே சொல்கிறது?

பதில்: டெக்கார்டுடன் வரும் போலீஸ்காரன் காஃப் படத்தில் மூன்று பொம்மை செய்கிறான். டெக்கார்ட் வேலையை ஏற்கத் தயங்கும்போது ஒரு கோழி, பிறகு தீக்குச்சியில் ஒரு ஆள், கடைசியில் யூனிகார்ன். ரேச்சல் யாரிடமும் சொல்லாத சிலந்தி நினைவை டெக்கார்ட் ஒப்பிக்கிறான், ஏனென்றால் அது அவளுக்குள் வைக்கப்பட்டது. அதேபோல டெக்கார்டின் யூனிகார்ன் கனவு காஃபுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் கனவு 1982 பதிப்பில் இல்லை. 1992-இல் வந்த பதிப்பில்தான் சேர்ந்தது.

ஸ்காட் 'ஆமாம், ரெப்ளிகன்ட்தான்' என்கிறார். ஃபோர்ட் மனிதன்தான் என்று வாதாடியவர். நான் ஃபோர்டின் பக்கம். கூரை விளிம்பில் தொங்குபவன் மனிதனாக இருந்தால்தான், அவனால் வேட்டையாடப்பட்ட ராய் கைநீட்டித் தூக்கிவிடுவதற்கு முழு கனம் இருக்கிறது.

கேள்வி: டைரலும் செபாஸ்டியனும் ஆடும் செஸ் ஆட்டம் நிஜமான ஆட்டமா சார்?

பதில்: கடைசி நகர்த்தல்கள் நிஜம். 1851-இல் லண்டனில் ஆண்டர்சன் என்ற செஸ் வீரர், கீசெரிட்ஸ்கி என்பவரை வென்ற ஆட்டத்தின் முடிவு அது. ராணியைப் பலிகொடுத்து, அடுத்து பிஷப்பால் செக்மேட். அந்த ஆட்டத்தை 'சாகாத ஆட்டம்' என்றே செஸ் உலகம் அழைக்கிறது. ஆயுள் கேட்டு வருபவன் அதைச் சொல்லித்தான் டைரலின் கதவைத் திறக்கவைக்கிறான். (பலகையில் இருக்கும் காய்களை ஒப்பிடாதீர்கள், பொருந்தாது.)

கேள்வி: ஆறு பேர் தப்பினார்கள், ஒருவர் செத்தார் என்கிறார் பிரையன்ட். மிச்சம் ஐந்து. ஆனால் டெக்கார்ட் தேடுவது நாலு பேரைத்தானே? ஐந்தாவது ஆள் டெக்கார்டா?

பதில்: இதை வைத்துப் பல வருடம் சண்டை நடந்திருக்கிறது. திரைக்கதையில் மேரி என்று இன்னொரு ரெப்ளிகன்ட் இருந்தாள். அவளை எடுத்துவிட்டார்கள், எண்ணிக்கை மட்டும் வசனத்தில் தங்கிவிட்டது. 'ஃபைனல் கட்'டில் செத்தது இரண்டு பேர் என்று மாற்றிக் கணக்கைச் சரிசெய்துவிட்டார்கள். டெக்கார்ட் ரெப்ளிகன்ட் என்று வாதாட விரும்புபவர்கள் கண்ணையும் யூனிகார்னையும் வைத்து வாதாடலாம். இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.